ஸ்பான்சரின் ஊர் எது?
துணையை அழைக்கும் சட்டங்களும் கோலார் தங்கவயல் குடும்பங்களும்

கேள்வி

கனடாவில் குடியுரிமை வாங்கிய ஒருவர் வேலை நிமித்தம் துபாயில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கட்டிய பெண் பூதிகோட்டையில் பிறந்த வீட்டில் இருக்கிறாள். குடியுரிமை ஒரு நாட்டில், பிழைப்பு இன்னொரு நாட்டில், மனைவி மூன்றாவது நாட்டில். இந்த நிலையில் மனைவியைக் கனடாவுக்கு அழைக்க அவர் ‘ஸ்பான்சர் பண்ண’ முடியுமா? முடியும். அமெரிக்கராகவோ பிரிட்டிஷ்காரராகவோ இருந்தாலும் முடியும். ஆனால் மூன்று சட்டங்களும் அந்த ‘முடியும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒவ்வொரு நிபந்தனையை வைத்திருக்கின்றன. அந்த நிபந்தனைகள்தான் இக்கட்டுரையின் பொருள்.

துணைவர் குடிவரவு பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: இந்தத் திருமணம் மெய்யானதுதானா என்று அரசு எப்படிச் சோதிக்கிறது? முக்கியமான கேள்வி, மறுக்கவில்லை. அதற்கு முன்னால் வேறொரு சோதனை இருக்கிறது. அதற்குக் கிடைத்த கவனம் குறைவு. ஸ்பான்சர் செய்பவரின் ஊர் எது, அவர் எங்கே வசிப்பவர், எங்கே வசிக்கப் போகிறவர் என்பதே அச்சோதனை. திருமணத்தைச் சோதிப்பதாகச் சொல்லும் சட்டங்கள் உண்மையில் இருப்பிடத்தையே முதலில் சோதிக்கின்றன என்பதும், ஒரே ஊரில் வேர்விட்டு வாழ்ந்திராத குடும்பங்களுக்கு அதுவே பெரிய தடை என்பதும் என் வாதம்.

தங்கவயலின் இருப்பிடங்கள்

இந்தக் கேள்வியைத் தங்கவயலிலிருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. பூதிகோட்டை பங்காருப்பேட்டை வட்டத்தில், தங்கவயலுக்கு அருகில் இருக்கும் ஊர். ஹைதர் அலி பிறந்த இடம் என்று பாடப்புத்தகங்களில் பெயர் உண்டு. அவருடைய தந்தையும் பிழைப்புக்காக இடம் மாறி வந்த படைவீரர்தான். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கச் சுரங்கங்களில் கால்வைத்த பிறகு வடஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் சாரைசாரையாக வந்து சேர்ந்தன. வந்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுதி. வேலை மைசூர் சமஸ்தானத்தில், குலதெய்வம் ஆம்பூர்ப் பக்கத்தில், பேச்சு தமிழில், பள்ளிச் சான்றிதழ் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ. ஜானகி நாயர் 1998இல் வெளியிட்ட ‘மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்’ நூல் இந்தத் தொழிலாளர்களின் பண்பாட்டையும் அரசியலையும் விரிவாகப் பதிவு செய்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு தங்கவயலின் ஆங்கிலோ இந்தியர்கள் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தனர். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதும் மற்றவர்களுக்கும் வெளியே போவதைத் தவிர வழியில்லாமல் போயிற்று. மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிற கூட்டம் ஒருபுறம். வளைகுடாவுக்கும் அதற்கு அப்பாலும் போனவர்கள் மறுபுறம். ஆக, ‘நிரந்தர வசிப்பிடம்’ என்ற படிவக் கட்டத்தில் ஒரே ஊரை எழுதுவது இக்குடும்பங்களுக்கு மூன்று நான்கு தலைமுறையாகவே சிக்கல்தான். கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தால் தெரியும். தாத்தா பெயருக்கு முன்னால் வேலூர் மாவட்டத்துக் கிராமம், அப்பா பெயருக்குக் கீழே தங்கவயலின் சாம்பியன் ரீஃப் முகவரி, மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘துபாய்’.

1913, 1918

மனைவியை அழைத்துக்கொள்ளும் உரிமைக்காக நடந்த பெரும் போராட்டம் ஒன்றில் தமிழ்ப் பெண்கள் முன்னணியில் இருந்தார்கள். அந்தப் போராட்டம் சுரங்கங்களில்தான் தீப்பிடித்தது. 1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சேர்ல், தென்னாப்பிரிக்காவில் வசித்த ஓர் இந்திய முஸ்லிமின் மனைவிக்கு நாட்டுக்குள் வர அனுமதி மறுத்துத் தீர்ப்பளித்தார். பலதாரத்துக்கு இடங்கொடுக்கும் மதச் சடங்குப்படி நடந்த மணத்தை அந்நாட்டுச் சட்டம் மணமாக ஏற்காது என்பது தீர்ப்பின் சாரம். அந்தக் கணக்கில் இந்துக்களும் முஸ்லிம்களும் செய்துகொண்ட திருமணங்கள் எல்லாமே செல்லாதவை ஆகிவிடும்.

காந்தி சத்தியாகிரகத்தில் முதன்முறையாகப் பெண்களைச் சேர்த்தது இதன் பிறகே. ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் எல்லை கடந்து நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். ஒப்பந்தக் கூலிகள்மீது விதிக்கப்பட்ட 3 பவுண்டு வரியும் திருமணப் பிரச்சினையும் ஒரே கோரிக்கையாக இணைந்தன. நேட்டாலுக்குக் கப்பலேறியவர்களிலும் வடஆர்க்காட்டார் கணிசம். தங்கவயலுக்கு வந்தவர்கள் ரயில் ஏறினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சிறையில் நோயுற்று 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த தில்லையாடி வள்ளியம்மையைத் தமிழகம் அறியும். அவர் எந்தச் சட்டப்பிரச்சினைக்காகச் சிறை சென்றார் என்பது மட்டும் நினைவிலிருந்து நழுவிவிட்டது. இன்றைய சொற்களில் சொன்னால், துணைவர் விசா அதில் ஒரு பாதி.

1914இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை நீக்கியது; ஒருவருக்கு ஒரு மனைவி என்ற வரம்போடு திருமணங்களை ஏற்றது. இதே தீர்வு நான்கு ஆண்டுகளில் பேரரசு முழுவதற்குமான கொள்கை ஆயிற்று. 1918இல் லண்டனில் கூடிய பேரரசுப் போர் மாநாடு, பிற பிரிட்டிஷ் நாடுகளில் நிரந்தரமாகக் குடியமர்ந்துவிட்ட இந்தியர்கள் மனைவியையும் வயதுவராத பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தது. கூடவே இரண்டு நிபந்தனைகள்: ஒரு மனைவிக்கு மேல் கூடாது, அவர் சட்டப்படியான மனைவிதான் என்று இந்திய அரசு சான்று தர வேண்டும். கனடா 1919இல் இதை ஏற்று வழி திறந்தது. 1908 முதல் ‘இடைநிற்காத பயணம்’ என்ற விதியால் இந்தியர் வருகையை ஏறக்குறைய அடைத்து வைத்திருந்த நாடு அது.

இந்தத் தீர்மானத்தைக் கூர்ந்து படித்தால் இன்றைய விதிகளின் எலும்புக்கூடு தெரிகிறது. மணத்துக்குச் சான்று வேண்டும் என்பது நிபந்தனையாக வருகிறது. குடியமர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதோ நிபந்தனைப் பட்டியலிலேயே இல்லை. உரிமை யாருக்கு என்று சொல்லும் எழுவாயிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. குடியமராதவருக்கு மனைவி இருக்கிறாளா இல்லையா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. ராதிகா மோங்கியா போன்ற ஆய்வாளர்கள் இக்காலகட்டத்தை நவீனக் கடவுச்சீட்டு ஆட்சியின் பிறப்பிடமாகக் காண்கிறார்கள். அவர்கள் அழுத்துவது திருமணச் சான்றின் அரசியலை. என் பார்வை அந்த எழுவாய்மீது.

மெய்யான மணம்: இதுவரை சொல்லப்பட்டவை

பிரிட்டனைப் பற்றி ஹெலினா ரே எழுதிய நூல் (2011) இத்துறையில் தவிர்க்க முடியாதது. 1980களில் அங்கே ‘முதன்மை நோக்கம்’ என்றொரு விதி இருந்தது. திருமணத்தின் முதன்மை நோக்கம் பிரிட்டனுக்குள் வருவதல்ல என்று விண்ணப்பிப்பவரே நிரூபிக்க வேண்டும். இல்லாத ஒன்றை இல்லையென்று நிரூபிக்கும் வேலை. பெண்வீட்டோடு போய் இருப்பது நம் வழக்கத்தில் இல்லையே, பிறகு மாப்பிள்ளை ஏன் இங்கிலாந்துக்கு வருகிறார் என்று நம் வழக்கத்தையே நமக்கு எதிரான சான்றாக்கினார்கள். கணவர்களை அழைக்கப் பெண்களுக்குக் கடினமான விதி, மனைவிகளை அழைக்க ஆண்களுக்கு எளிய விதி என்ற பாகுபாடு தவறு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1985இல் தீர்ப்புச் சொன்னது. பிரிட்டிஷ் அரசு அதை நிறைவேற்றிய விதம் விசித்திரமானது: பெண்களுக்கான விதியைத் தளர்த்தவில்லை, ஆண்களுக்கும் இறுக்கிவிட்டது. 1997இல்தான் அந்த விதி ஒழிந்தது. அதற்கும் முன்னால், 1979 ஜனவரியில், திருமணம் செய்துகொள்ள ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய இந்திய ஆசிரியை ஒருவருக்குக் கன்னித்தன்மைப் பரிசோதனை நடத்திய கேவலமும் பதிவாகியிருக்கிறது.

ஈழத்தமிழர் திருமணங்களைப் பற்றிச் சித்தார்த்தன் மௌனகுரு எழுதிய நூல் (2019) நமக்கு இன்னும் நெருக்கமானது. போரால் சிதறிய குடும்பங்களில் தரகர், புகைப்படக்காரர், குடிவரவு அதிகாரி ஆகியோர் சேர்ந்து திருமணத்தை எப்படி உருவாக்குகிறார்கள் என்று அவர் காட்டுகிறார். மாப்பிள்ளை இலங்கைக்குப் போக முடியாது, பெண் கனடாவுக்குப் போக முடியாது. மூன்றாவது இடமொன்றில், தமிழ்நாட்டிலோ வேறெங்கோ, கல்யாணம் நடக்கிறது. ஆல்பம் உறவினருக்காக எடுக்கப்படுகிறது, அதிகாரிக்காகவும் எடுக்கப்படுகிறது.

அதிகாரி எதைத் தேடுகிறார் என்பதற்கு 2015இல் வெளியே கசிந்த கனடியப் பயிற்சிக் குறிப்பு நல்ல சான்று. உதட்டில் முத்தமிடாத படங்கள், வைர மோதிரம் இல்லாமை, தேனிலவு போகாமை, உணவகத்தில் நடந்த சிறு விருந்து ஆகியவை சந்தேகத்துக்கு உரியவையாம். அட்சதை போட வந்த பெரியப்பாவும் அத்தைகளும் சூழ்ந்து நிற்கும் மணமேடையில் உதட்டு முத்தம் கொடுத்தால்தான் நம் ஊரில் சந்தேகம் வரும்.

எதிர்வாதத்தையும் எடை போட வேண்டும். போலித் திருமணங்கள் உண்டு. வெளிநாட்டு மாப்பிள்ளை என்று நம்பிக் கொடுத்து, நகையையும் இழந்து கைவிடப்பட்ட பெண்கள் இந்தியா முழுவதும் இருக்கிறார்கள். சோதனை முழுக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பெண்ணைக் காப்பாற்றும் சோதனை மாப்பிள்ளையை விசாரிப்பதாக இருக்கும். இந்தச் சோதனைகள் விசாரிப்பது பெரும்பாலும் பெண்ணை.

ஸ்பான்சர் எங்கே வசிக்கிறார்?

இனி நம் துபாய் மாப்பிள்ளைக்கு வருவோம்.

கனடிய விதிகளின்படி ஸ்பான்சர் கனடாவில் வசிக்க வேண்டும். குடிமகனுக்கு மட்டும் விலக்கு: வெளிநாட்டில் இருந்தபடியே மனைவிக்கு விண்ணப்பிக்கலாம், அவளுக்கு பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்ததும் தானும் கனடாவில் வந்து வசிப்பேன் என்று காட்டினால். பி.ஆர். மட்டும் உள்ளவருக்கு இந்த விலக்கு இல்லை. அவர் திரும்பிப்போய் உட்கார்ந்துதான் விண்ணப்பம் போட வேண்டும். இதில் ஒரு முரண் இருக்கிறது, பலர் கண்ணில் படுவதில்லை. பி.ஆர். பெற்றவர் அதைத் தக்கவைக்க 5 ஆண்டுகளில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும். ஆனால் குடிமகனான கணவரோடு வெளிநாட்டில் வாழ்ந்த நாள்களும் அந்தக் கணக்கில் சேரும். அதாவது மனைவிக்குக் கதவு திறந்த பிறகு இருவரும் துபாயில் சேர்ந்து வாழ்ந்தால் சட்டம் அதைக் கனடிய வாழ்க்கையாகவே எண்ணுகிறது. கதவு திறக்கும் முன் மட்டும் ‘ஊருக்கு வந்துவிடுகிறேன்’ என்ற வாக்குறுதி வேண்டும். வாழ்க்கையைவிட வாக்குறுதிக்கு மதிப்பு அதிகம்.

அமெரிக்காவில் 1997 டிசம்பர் முதல் ஐ-864 என்ற ஆதரவுப் பிரமாணப் பத்திரம் கட்டாயம். வறுமைக் கோட்டு அளவில் 125 விழுக்காடு வருமானம் காட்ட வேண்டும். பத்திரத்தில் கையெழுத்திடுபவரின் நிரந்தர வசிப்பிடம் அமெரிக்காவாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர், தங்கல் தற்காலிகமானது என்றோ மனைவி குடியேறும் நேரத்துக்குள் திரும்பிவிடுவேன் என்றோ காட்ட வேண்டும். வங்கிக் கணக்கு, வரித்தாக்கல், வாக்காளர் பதிவு, வேலை தேடிய கடிதங்கள், வீட்டு வாடகை ஒப்பந்தம் ஆகியவை சான்று. மனைவி வரலாமா என்பதே முடிவாகாத ஊரில் முன்கூட்டியே வீடு பிடித்து வாடகை கட்டுவது ‘எண்ணத்துக்கு’ ஆதாரம்.

பிரிட்டனில் கணக்கு இன்னும் கறார். 2012 ஜூலையில் ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு என்று வைத்த வரம்பை 2024 ஏப்ரலில் 29,000 ஆக்கினார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிரிட்டிஷ் குடிமகனுக்கு அந்த வேலையின் சம்பளம் மட்டும் போதாது. திரும்பியதும் 3 மாதத்துக்குள் தொடங்கும் பிரிட்டன் வேலை ஒன்று உறுதியாகக் கையில் இருக்க வேண்டும். பிரிட்டனில் மனைவி சம்பாதிக்கக்கூடியது கணக்கில் வராது. பெங்களூரில் நல்ல சம்பளத்தில் இருக்கும் பெண் என்றாலும் அந்தப் படிவத்தில் அவள் செலவுக் கணக்கு மட்டுமே.

இருப்பிடச் சோதனையைத் தலைகீழாக்கிய ஒரே பெரிய வழக்கு 1992 ஜூலை 7 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்த சுரிந்தர் சிங் வழக்கு. பிரிட்டிஷ் மனைவியும் இந்தியக் கணவரும் ஜெர்மனியில் சில ஆண்டு வேலை செய்துவிட்டு பிரிட்டனுக்குத் திரும்பினார்கள். வேறொரு ஐரோப்பிய நாட்டில் உழைத்துத் திரும்பும் குடிமகளின் கணவருக்கு, ஐரோப்பியச் சட்டம் தரும் உரிமைகளுக்குக் குறையாத உரிமை உண்டு என்றது நீதிமன்றம். மற்றெல்லாச் சட்டத்திலும் பலவீனமாக இருந்த வெளிநாட்டு வாசம் இங்கே பலமாயிற்று. வருமான வரம்பு வந்தபின் அயர்லாந்துக்கோ நெதர்லாந்துக்கோ போய்ச் சில மாதம் வேலை செய்து துணையோடு திரும்புகிற பிரிட்டிஷ்காரர்கள் தோன்றினார்கள். பிரெக்ஸிட் அந்த வழியை அடைத்துவிட்டது.

இவற்றோடு துபாயை ஒப்பிட்டால் விஷயம் தெளிகிறது. அங்கே மனைவியை அழைக்க மாதம் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தால் போதும். மற்றபடி கேட்பது திருமணச் சான்றிதழின் முதுகில் வரிசையாக முத்திரைகளை: மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம். காதலின் ஆழம் பற்றிக் கேள்வியில்லை. ஏனென்றால் அங்கே ஏறக்குறைய யாரும் குடிமக்கள் ஆகப்போவதில்லை. கணவரின் வேலை போனால் இருவர் விசாவும் போகும். இதிலிருந்து ஒரு ஊகத்துக்கு வரலாம். திருமணத்தின் மெய்மையைப் பற்றிய கவலை திருமணம் குறித்த கவலையே அல்ல. யார் நிரந்தரமாகத் தங்குவார்கள் என்ற கவலை. மணச் சோதனை, இருப்பிடச் சோதனையின் பிள்ளை. 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முன்யோஸ் வழக்கில், வெளிநாட்டுத் துணைவர் நாட்டுக்குள் அனுமதிக்கப்பட வேண்டும் என்பது குடிமக்களின் அடிப்படை உரிமை அல்ல என்று தீர்த்ததையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கிறேன்.

இடையே ஒரு செய்தி. 1930இல் தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது கைரேகைப் பதிவை எதிர்த்து. தங்களைக் குற்றவாளிகள்போல் நடத்துவதாக அவர்கள் கொதித்தார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேத்திகள் இன்று பெங்களூர் விசா மையத்தில் கட்டணம் கட்டிப் பத்து விரலையும் பதித்துவிட்டு வருகிறார்கள்.

தாலி கட்டிய மாநிலம்

இருப்பிடம் இன்னொரு வாசல் வழியாகவும் நுழைகிறது. திருமணம் செல்லுமா என்பதை இந்நாடுகள் முதலில் அது நடந்த இடத்தின் சட்டத்தைக் கொண்டே பார்க்கின்றன. அந்த இடம் எந்த மாநிலம் என்பது தங்கவயல் குடும்பங்களுக்குச் சிறிய விஷயமல்ல.

தமிழ்நாட்டில் அண்ணா அரசு 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-அ பிரிவு சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லத்தக்கவை ஆக்கிற்று. புரோகிதர் வேண்டாம், ஏழடி வேண்டாம். மாலை மாற்றினால், மோதிரம் அணிவித்தால் அல்லது தாலி கட்டினால் போதும். ஆனால் அது மாநிலத் திருத்தம். கர்நாடகத்துக்குப் பொருந்தாது. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றிய ஊர் இது. புரோகிதம் தவிர்த்த வாழ்க்கைச் சடங்குகள் இங்கே அந்தத் திருத்தத்துக்கு வெகுமுன்பே பேசப்பட்டவை. அப்படியொரு குடும்பம் ராபர்ட்சன்பேட்டை மண்டபத்தில் சீர்திருத்தத் திருமணம் நடத்தினால், அது தங்கள் சமூகத்தின் வழக்கம் என்று இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்கீழ் நிறுவ வேண்டியிருக்கும். அதே திருமணம் கிருஷ்ணகிரியில் நடந்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

பதிவுச் சான்றிதழ் இருந்தால் போதாதா? 2006இல் சீமா வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்யச் சொன்னதிலிருந்து அப்படியொரு நம்பிக்கை பரவியிருக்கிறது. 2024 ஏப்ரலில் நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, அகஸ்டின் ஜார்ஜ் மாசி அமர்வு அதைக் கலைத்தது. சடங்கு நடக்காமல் பதிவு மட்டும் செய்துகொண்ட இரு விமானிகளின் வழக்கு அது. உரிய சடங்கு இல்லாவிட்டால் இந்துத் திருமணம் இல்லை, பதிவு அதை உண்டாக்காது என்றது அமர்வு. வெளிநாட்டு விசாவுக்கு நேரம் மிச்சப்படுத்த முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளும் பழக்கத்தைப் பெயர் சொல்லியே கண்டித்தது. நிச்சயம் முடிந்த கையோடு பதிவு, ‘ஃபைல்’ போட்டபின் கல்யாணம் என்று வகுத்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு இது எச்சரிக்கை மட்டுமல்ல. விசா கிடைத்துப் பல ஆண்டுகள் கழித்தும் அந்தக் கோப்பைத் திறக்க ஒரு காரணம்.

கர்நாடகத்துக்குள்ளேயே சடங்கில்லாமல் மணம் முடிக்க 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதற்கு மாவட்டத்தின் திருமண அதிகாரியிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இருவரில் ஒருவர் அதற்கு முன் 30 நாளாவது அந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும். அறிவிப்புக்குப் பின் இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும். வசிப்பிட நிபந்தனையைப் பூதிகோட்டைப் பெண் நிறைவேற்றிவிடுவாள். காத்திருப்புக்குத்தான் துபாய் விடுப்பு போதாது. சீர்திருத்தத் திருமணத்தில் உறுதியாக இருக்கும் குடும்பம் கிருஷ்ணகிரிப் பக்கம் மண்டபம் பிடித்து, தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் அங்கேயே பதிவையும் முடித்துவிடுவதே இப்போதைக்கு வலுவான ஏற்பாடு.